துப்பாக்கி சிக்கினால் முரட்டுப் பலம் உதவாது



தேசிய சேவைக்குச் சென்ற பிள்ளைகள் வார இறுதியில் வீடு திரும்பியதும், "துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்துவிட்டது" என்று அலுத்துக்கொள்வதைப் பெற்றோர் பலரும் கேட்டிருப்பார்கள். அந்த வேலைக்குப் பின்னால், உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு.

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களுக்கு எம்16 துப்பாக்கி வழங்கப்பட்டது. எடை குறைவு, கையாள எளிது. ஆனால், அதைத் துடைக்கவே தேவையில்லை என்ற தவறான நம்பிக்கையும் கூடவே பரவியது. துப்புரவுக் கருவிகள் பலருக்குக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்து 1964ஆம் ஆண்டு மாற்றப்பட்டிருந்தது. புதிய மருந்தால் கசடு அதிகம் படிந்தது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லாததால், காட்டு ஈரத்தில் துரு பிடித்தது.

விளைவு என்ன? சுட்ட தோட்டாவின் வெற்று உறை அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே, வீரர்கள் குழாயின் முனைவழியாகக் கோலை நுழைத்து உறையைத் தட்டி வெளியேற்ற வேண்டியதாயிற்று. சிக்கிய துப்பாக்கியோடு மடிந்தவர்களைப் பற்றிய செய்திகள் அமெரிக்காவை உலுக்கின. 1967ல் நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கடுமையாகக் குறை கூறியது. அதன்பின் அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. 1968ல் வில் ஐஸ்னர் வரைந்த சித்திரக் கையேடும் வீரர்களுக்கு வழங்கப்பட்டது.

சரி, பயிற்சித் திடலில் துப்பாக்கி சிக்கினால் என்ன செய்வது?

முதலில், முனை இலக்கின் திசையைவிட்டு விலகக்கூடாது. விரல் விசையிலிருந்து வெளியே வரவேண்டும். பாதுகாப்பு விசையைப் போட முடிந்தால் போடவேண்டும். பயிற்றுநரைக் கையுயர்த்தி அழைக்கவேண்டும். விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், அரை நிமிடமாவது பொறுக்கவேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு.

அடுத்து, தோட்டாப் பெட்டியைக் கழற்றவேண்டும். அதற்குப் பிறகே போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பார்க்கவேண்டும். பெட்டியைக் கழற்றாமல் இழுத்தால், அடுத்த தோட்டா உள்ளே ஏறி நெரிசலைக் கூட்டிவிடும்.

வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். குண்டு குழாயிலேயே தங்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழாய் வெடித்துவிடும்.

திருப்புளியால் நெம்புவது, போல்ட்டைக் காலால் உதைப்பது, உள்ளே போக மறுக்கும் தோட்டாவை அழுத்தித் திணிப்பது ஆகிய மூன்றும் துப்பாக்கியைக் கெடுக்கும். கையையும் பதம் பார்க்கும். எம்16 துப்பாக்கியில் போல்ட்டை முன்னே தள்ள ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டது. அதை வடிவமைத்த யூஜீன் ஸ்டோனர் இந்தப் பொத்தானை விரும்பவில்லை. காரணம் எளிது: தானாகப் போகாத தோட்டாவைத் தள்ளினால், பிறகு அதை எடுப்பது இன்னும் கடினம்.

சிங்கப்பூர் வீரர்களும் நெடுங்காலம் எம்16எஸ்1 ஏந்தினார்கள். 1999ல் அறிமுகமான எஸ்ஏஆர் 21 அதன் இடத்தைப் பிடித்தது. துப்பாக்கி மாறினாலும் விதி மாறவில்லை. சிக்கலை எடுப்பது பொறுமை; அது வராமல் தடுப்பது அன்றாடத் துப்புரவு. அடுத்த முறை பிள்ளை அலுத்துக்கொண்டால், இதைச் சொல்லித் தட்டிக்கொடுங்கள்.