முகப்பை நம்பாதீர்கள், முகவரியைப் படியுங்கள்!
கிரிப்டோ பரிமாற்றத் தளங்களும் அவற்றின் போலிகளும்

(இலண்டனில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



கிரிப்டோ நாணயம் வாங்குங்கள் என்று சொல்லவோ, வாங்காதீர்கள் என்று தடுக்கவோ நான் இம்மேடைக்கு வரவில்லை. அது ஒவ்வொரு குடும்பமும் கூடிப்பேசி முடிவெடுக்க வேண்டிய விடயம். ஆயினும் எமது பிள்ளைகள் பலர் பிட்காயின், எதீரியம் போன்றவற்றைக் கைத்தொலைபேசியிலேயே வாங்கி விற்கிறார்கள். பெற்றோர் சிலரும் பிள்ளைகளின் சொற்கேட்டுத் தமது சேமிப்பில் ஒரு பகுதியை அங்கே வைத்திருக்கிறார்கள். இரவு பகலாக உழைத்து, வீட்டுக்கடனையும் கட்டி, ஊரிலுள்ள உறவுகளுக்கும் அனுப்பியபின் மிஞ்சிய பணம் அது. அப்பணம் இருக்கும் உண்மையான தளம் எது, அதன் வேடமிட்டு நிற்கும் போலித்தளம் எது என்பதைப் பிரித்தறியும் வழியே இன்றைய உரையின் பொருள்.

வங்கியிலும் மோசடி நடக்கத்தானே செய்கிறது, இதில் மட்டும் என்ன தனிக்கவலை என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 ஆம் நாள் முதல், ஏமாற்றப்பட்டு வேறொருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 85,000 பவுண் வரை வங்கிகள் மீளளிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கிரிப்டோ நாணயமாக வெளியேறிய பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு ஈடுசெய்யும் திட்டமும் கிரிப்டோ நாணயத்தைக் காப்பதில்லை. ஒருமுறை பதிவான பரிமாற்றத்தைத் திருப்பியழைக்கும் பொத்தான் எவரிடமும் இல்லை. எனவே இங்கே காவல் என்பது வாசலிலேயே வேண்டும்.

இனி, நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் முன்னர் 'காயின்பேஸ் ப்ரோ' என்றொரு சேவையை நடத்தி வந்தது. அச்சேவை இன்று இல்லை. அதன் உண்மையான முகவரி 'ப்ரோ புள்ளி காயின்பேஸ் புள்ளி காம்' என்பதாகும். 2021 ஆம் ஆண்டளவில் ஒரு கூட்டம் 'காயின்பேஸ்ப்ரோ புள்ளி காம்' என்ற முகவரியில் அதேபோன்ற பக்கத்தை அமைத்தது. சொற்கள் அவையே, நிறமும் அதுவே, இலச்சினையும் அதுவே. மாறியது சொற்களின் வரிசையும் ஒரு புள்ளியும் மட்டுமே. நூற்றுக்கணக்கானோர் அங்கே தமது கடவுச்சொல்லைக் கொடுத்தனர். கோடிக்கணக்கான டொலர் பறிபோனது. இதில் ஈடுபட்ட இந்திய நாட்டவர் ஒருவர் 2023 டிசம்பரில் அற்லாண்டா விமான நிலையத்தில் கைதாகி, 2024 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். களவுப்பணத்தில் அவர் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களும் ஆடம்பரக் கார்களும் வாங்கியிருந்தார் என்று அமெரிக்க நீதித்துறை தெரிவித்தது.

இந்த இரண்டு முகவரிகளுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால், இன்றைய பாடத்தில் பாதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இணைய முகவரியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். முதலில், முகவரியில் வரும் முதலாவது சாய்கோட்டைத் தேடுங்கள். தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்' என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நீங்கள் தேடிய அந்தச் சாய்கோட்டுக்குச் சற்று இடப்புறம் 'புள்ளி காம்' என்று இருக்கும். அதற்கு உடனே முன்னால் நிற்கும் சொல்லே வீட்டின் பெயர். அதற்கும் முன்னால் புள்ளியிட்டு நிற்பவை அவ்வீட்டினுள் இருக்கும் அறைகள். 'ப்ரோ புள்ளி காயின்பேஸ் புள்ளி காம்' என்பது காயின்பேஸ் என்னும் வீட்டில் ப்ரோ என்னும் அறை. 'காயின்பேஸ்ப்ரோ புள்ளி காம்' என்பதோ வேறு எவரோ வேறு தெருவில் கட்டிய வேறு வீடு. வீட்டுக்காரர் தம் அறைகளுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். ஆகவே திருடன் தன் வீட்டினுள்ளே ஓர் அறைக்குக் 'காயின்பேஸ்' என்று பெயர் எழுதி ஒட்டினால் தடுப்பார் இல்லை. இடப்புறத்தில் பழகிய பெயரைக் கண்டவுடன் மனம் அமைதியடைந்துவிடுகிறது. அந்த அமைதியைத்தான் அவன் பயன்படுத்துகிறான். 'புள்ளி கோ புள்ளி யூகே' என முடியும் முகவரிகளில் அவ்விரண்டு சொற்களையும் ஒன்றாகக் கொண்டு, அதற்கு முன்னுள்ள சொல்லைப் பாருங்கள்.

இரண்டாவது, எழுத்துப்பிழையை நம்பிப் பிழைக்கும் மோசடி. இது எமது நாட்டிலேயே நடந்தது. 2019 யூன் மாதத்தில் பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். பெயர்பெற்ற ஒரு கிரிப்டோ தளத்தின் முகவரியைச் சிறிது மாற்றிப் பதிந்து, போலித்தளம் அமைத்து, மக்களின் பிட்காயினைத் திருடினர் என்பது சந்தேகம். குறைந்தது 12 நாடுகளில் 4,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகவும், இழப்பு 2 கோடியே 40 இலட்சம் யூரோ என்றும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. அவசரத்தில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் போய்ச்சேரும் இடத்தில் திருடன் முன்னரே குடியிருக்கிறான் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, கண்ணுக்கே புலப்படாத மோசடி. தமிழ் கற்கும் சிறுவருக்கும் 'க' என்பதையும் 'க்' என்பதையும் பிரிப்பது ஒரு புள்ளி என்று தெரியும். 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பைனான்ஸ் பரிமாற்றகத்தின் பயனர்களை ஏமாற்றியவர்களும் புள்ளியையே ஆயுதமாகக் கொண்டனர். ஆங்கில 'என்' எழுத்தின் கீழே சிறு புள்ளி வைத்த எழுத்து வேறு சில மொழிகளுக்காகக் கணினியில் உண்டு. பைனான்ஸ் என்ற பெயரில் இரண்டு இடங்களில் அவ்வெழுத்தை இட்டு ஒரு முகவரியைப் பதிந்தார்கள். கைத்தொலைபேசித் திரையில் அது தூசி ஒட்டியதுபோலத் தோன்றும். அப்படித் திரட்டிய கணக்குகளைக் கொண்டு 2018 மார்ச் 7 ஆம் நாள் ஒரு நாணயத்தின் விலையைச் செயற்கையாக உயர்த்திப் பணமெடுக்க முயன்றார்கள். நிறுவனத்தின் தானியங்கிப் பாதுகாப்பு அதைத் தடுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவ்வாறு தடுக்கப்படும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

இவ்வளவையும் கேட்டபின், "பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று முன்பு சொன்னீர்களே?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பூட்டுச் சின்னம் உணர்த்துவது ஒன்றுதான். உங்களுக்கும் அத்தளத்துக்கும் இடையில் செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாது என்பதே அது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. அச்சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் பெற்றுக்கொள்கிறான். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதனாலேயே கூகிளின் குரோம் உலாவி 2023 இல் பூட்டுச் சின்னத்தை அகற்றி வேறு சின்னத்தை வைத்தது.

தேடுபொறியில் முதலாவதாக வருவது உண்மையான தளம் என்ற எண்ணமும் ஆபத்தானது. முதலில் வருவது பெரும்பாலும் பணம் கொடுத்து இட்ட விளம்பரம். 2021 நவம்பரில், கிரிப்டோ பணப்பைகளின் பெயரில் கூகிளில் விளம்பரமிட்டுப் போலித்தளங்களுக்கு இழுத்தவர்கள் சில நாட்களிலேயே 5 இலட்சம் டொலருக்கு மேல் திருடியதைச் செக் பொயின்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது.

இளையோர் இவ்விடத்தில், "எங்களிடம் இரண்டாம் கட்டக் குறியீடு இருக்கிறதே, கடவுச்சொல் போனாலும் கவலையில்லை" என்பார்கள். அதையும் பார்ப்போம். நீங்கள் போலிப்பக்கத்தில் கடவுச்சொல்லை இடும் அதே நொடியில், அவன் அதை உண்மையான தளத்தில் இடுகிறான். உண்மையான நிறுவனம் வழமைபோல் உங்கள் தொலைபேசிக்குக் குறியீடு அனுப்புகிறது. குறியீடு உண்மையான இடத்திலிருந்து வந்ததால் உங்கள் ஐயம் நீங்கிவிடுகிறது. அதையும் போலிப்பக்கத்தில் இடுகிறீர்கள். அவன் உள்ளே நுழைந்துவிடுகிறான். காயின்பேஸ் ப்ரோ வழக்கில், வாடிக்கையாளர் சேவை அலுவலர்போல் பேசித் தொலைபேசியிலேயே குறியீட்டைப் பெற்றதும் நடந்தது. உதவி செய்வதாகக் கூறிக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்ததும் நடந்தது.

"எனது பெயர், வீட்டு முகவரி எல்லாம் சரியாகச் சொன்னாரே" என்பதும் சான்றாகாது. 2025 மே மாதத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர் சிலர் கையூட்டுப் பெற்று வாடிக்கையாளர் விபரங்களை வெளியே கொடுத்துவிட்டனர் என்று காயின்பேஸ் நிறுவனமே அறிவித்தது. அவ்வாறு கசிந்தவை 69,461 பேரின் விபரங்கள். உங்களைப் பற்றி அறிந்திருப்பவர் உங்கள் நலன் விரும்பியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் உண்மையான தளத்தை அடையும் வழி என்ன?

முதலாவது, நீங்கள் தளத்துக்குச் செல்லுங்கள். தளம் உங்களைத் தேடி வரக்கூடாது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், விளம்பரம் ஆகியவற்றில் வரும் இணைப்பை அழுத்தி ஒருபோதும் கணக்கினுள் நுழையாதீர்கள்.

இரண்டாவது, பிரித்தானிய நிதி நடத்தை ஒழுங்கமைப்பான எஃப்.சி.ஏ யின் பதிவேட்டில் அந்நிறுவனத்தைத் தேடுங்கள். 2020 சனவரி 10 முதல் இங்கு இயங்கும் கிரிப்டோ நிறுவனங்களை, பணச்சலவைத் தடுப்பு விதிகளின் கீழ் எஃப்.சி.ஏ கண்காணித்து வருகிறது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் போலிகளும் உண்டு. ஆதலால் பெயரைப் பார்த்து நின்றுவிடாமல், பதிவேட்டிலுள்ள இணைய முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஃப்.சி.ஏ வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒரு தளம் நல்லதாகிவிடாது.

மூன்றாவது, சரிபார்த்த முகவரியை உலாவியில் புக்மார்க் செய்து, எப்பொழுதும் அதன்வழியே செல்லுங்கள். அப்பொழுது தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை.

நான்காவது, பாஸ்வேர்ட் மேனேஜர் பயன்படுத்துங்கள். எமது கண் ஏமாறும். அது எளிதில் ஏமாறாது. சேமித்த முகவரி ஓர் எழுத்து மாறினாலும் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் கையால் எழுத முயலாமல், நின்று முகவரியைப் படியுங்கள். பாஸ்கீ வசதி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். பாஸ்கீ உண்மையான முகவரியுடன் பிணைக்கப்பட்டது. போலித்தளத்தில் அது வேலை செய்யாது.

ஐந்தாவது, பணப்பையை மீட்பதற்கான 12 அல்லது 24 சொற்களை எவரிடமும் சொல்லாதீர்கள், எந்தப் பக்கத்திலும் 'சரிபார்ப்பதற்காக' எழுதாதீர்கள். உண்மையான நிறுவனம் எதுவும் அவற்றைக் கேட்பதில்லை.

இவ்வளவு செய்தும் தவறு நேர்ந்தால், ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. வேறொரு கருவியிலிருந்து உண்மையான தளத்துக்குச் சென்று கணக்கை முடக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக் கணக்கோ அட்டையோ தொடர்புபட்டிருந்தால் 159 என்ற எண்ணை அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேரடியாக இணைக்கும். ஐயத்துக்குரிய குறுஞ்செய்தியை 7726 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். மோசடி நடந்திருந்தால் 0300 123 2040 என்ற எண்ணில் முறைப்பாடு செய்யுங்கள். சில நாட்களின் பின், "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று எவரேனும் அழைத்தால், அது இரண்டாவது மோசடி என்று அறிந்துகொள்ளுங்கள்.

நிறைவாக, எமது சமூகத்துக்கே உரிய ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். சீட்டானாலும் கைமாற்றானாலும், நாம் ஆளை அறிந்து, குடும்பத்தை அறிந்து, சொல்லை நம்பிப் பணம் கொடுத்துப் பழகியவர்கள். முகம் தெரியாத இணையத்தில் அந்த அளவுகோல் உதவாது. மறுபுறம், ஏமாந்துவிட்டால் நாலுபேர் என்ன சொல்வார்களோ என்று மூடிமறைப்பதும் எம்மிடம் உண்டு. தந்தை பிள்ளைகளிடம் மறைக்கிறார். பிள்ளை தாயிடம் மறைக்கிறான். திருடனுக்கு வேண்டியதும் அந்த மௌனமே. கணக்கை முடக்க வேண்டிய மணித்துளிகள் வெட்கத்திலே கழிந்துவிடுகின்றன.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை வந்து "அப்பா, தவறு செய்துவிட்டேன்" என்று சொன்னால், ஏசுவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்து, முதலில் தொலைபேசியை எடுங்கள். இளையோரே, தாய் தந்தையரின் கைத்தொலைபேசியில் சரியான முகவரியை நீங்களே சரிபார்த்துப் பதிந்து கொடுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கும் முறையைப் பொறுமையாகத் தமிழில் விளக்குங்கள். இன்று வீடு திரும்பியதும் செய்யத்தக்க வேலை இது. பத்து நிமிடம் போதும்.