முதல் சோறு அவளுக்கு



பிறக்கும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பெரும்பங்கை, வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களிலேயே தாயிடம் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. கொடுக்கிற தாயிடம் இருக்கிறதா? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்!

நம் விழுப்புரம், திண்டிவனம் மண்ணில் விளையாத சத்தா? மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்குப் பேர்போன பகுதி இது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் மாநிலம் தாண்டியும் விதைக்கப்பட்டன. அந்த மல்லாட்டையில் புரதம் இருக்கிறது, ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வேலியோரத்தில் முருங்கை நிற்கிறது. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. ஆனால் வாங்கும் உப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

மல்லாட்டையில் இருக்கும் அந்த ஃபோலிக் அமிலத்துக்கு ஒரு கதை உண்டு. பம்பாயில் ரத்தமின்றி வாடிய கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றினார் மருத்துவர் லூசி வில்ஸ். நம் குன்னூரிலும் ஆய்வு செய்தவர் அவர். 1931இல் அவர் எழுதியதைத் தொடர்ந்துதான் ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட்டது. கரு உண்டான 28 நாளுக்குள், பல பெண்கள் தாம் உண்டாகியிருப்பதை அறியுமுன்பே, குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். அதனால் திருமணமான பெண்ணின் சாப்பாட்டை மசக்கை வந்த பிறகு கவனிப்பது காலம் கடந்த கவனிப்பு.

நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் போடச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. ‘போட்டால் பிள்ளை கறுத்துவிடும்’ என்று அதைப் பரணில் போடுகிறோம். கறுப்பது மலம் மட்டும்தான் தாயே, பிள்ளை அல்ல! காபி, டீயோடு போடாதீர்கள். சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. எலுமிச்சைச் சாறு குடியுங்கள், ஒட்டும்.

மாமியார்களே, கணவன்மார்களே! வளைகாப்பில் கர்ப்பிணியின் கை நிறைய வளையல் அடுக்குகிறோம். அந்தக் கையில் ஓடும் ரத்தத்தை யார் பார்ப்பது? வீட்டில் எல்லோரும் உண்டு மீந்ததை அவள் உண்ணும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். முதல் சோறு அவளுக்குப் போடுங்கள். அடுத்த பரிசோதனைக்குக் கணவன்மார்களும் கூடப் போங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். 11 கிராமுக்குக் குறைந்தால், அது அவளுடைய குறையல்ல, நம் வீட்டின் கடன். அதைத் தீர்ப்போம்.