புது போனில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



இப்பல்லாம் கூட்டத்துக்கு வந்தா ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு டச் போன் இருக்குதுங்க. திருப்பூர் கம்பெனிக்குப் போற மக போனஸ்ல வாங்கிக் கொடுத்திருப்பா. இல்லைன்னா காலேஜ் போற பையன் புதுசு வாங்கிட்டு, பழசை அம்மாவுக்குத் தந்திருப்பான். போன் கைக்கு வந்ததும் எல்லாரும் என்கிட்டே கேட்கிறது ஒண்ணுதான். "ஏனுங்க, இதுல என்னென்ன ஆப் ஏத்தறதுங்க? காசு இல்லாத ஆப்பாச் சொல்லுங்க."

பதில் சொல்றதுக்கு முன்னால, நான் செய்த தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன்.

போன வருஷம் ஒரு குழுவில் போன் பயிற்சி நடத்தினேன். நேரம் கம்மி. ஆப் ஏத்தும்போது "அனுமதி கொடுக்கலாமா?" என்று கேட்கும் இல்லைங்களா, அப்போ நான், "எல்லாத்துக்கும் சரின்னு அமுத்திட்டுப் போங்க, அப்பத்தான் வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு மாசம் கழித்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்தக் குழுவில் இருக்கிற ஒரு அக்காவோட போட்டோ. கீழே "இவர் மோசடிக்காரர்" என்று எழுதியிருந்தது. அதே மெசேஜ் அவங்க அண்ணனுக்கும், சம்பந்தி வீட்டுக்கும், பால் சொசைட்டிக்காரருக்கும் போயிருந்தது.

நடந்தது இதுதான். மகளோட ஸ்கூல் பீஸுக்குப் பணம் பத்தவில்லை. குழுவில் வாங்கின உள்கடனில் ஏற்கெனவே ரெண்டு தவணை பாக்கி. மறுபடி கேட்க வெட்கம். போனில் விளம்பரம் வந்த ஒரு கடன் ஆப்பை ஏத்தினாங்க. கடன் 5,000 ரூபாய் என்று காட்டிவிட்டு, கணக்கில் 3,200தான் வந்தது. ஏழாம் நாள் 5,000 கட்டச் சொன்னாங்க. அந்த 3,200 ரூபாய்க்கு நம்ம குழுவில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாசத்துக்கு 32 ரூபாய். அங்கே ஒரே வாரத்துக்கு 1,800 ரூபாய்!

அந்த ஆப் போனில் இருக்கிற நம்பரையும் போட்டோவையும் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே அக்கா சரின்னு அமுத்தியிருக்காங்க. அப்புறம் மூணு நாள் வீட்டை விட்டு வெளியே வரலைங்க. ஊக்குநர் அக்காதான் வீட்டுக்கே போய்ப் பேசி அழைச்சுட்டு வந்தாங்க. சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தோம். இன்னைக்கு இதைச் சொல்லச் சொன்னதும் அந்த அக்காதான்.

அதனால முதல் பாடம் இது. இலவச ஆப் எல்லாம் சும்மா கிடைப்பதில்லை. அரசாங்க ஆப்புக்கு நம்ம வரிப்பணம் போகிறது. சில ஆப் விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கிறது. சில ஆப்புக்கு நம்ம போனில் இருக்கிற நம்பரும் போட்டோவும்தான் கூலி.

நாலு கேள்வி கேளுங்க

குழுவுக்குப் புதுசா ஒருத்தர் வந்தா எந்த வீதி, யாரு வீட்டுப் பொண்ணு, கூட்டத்துக்கு ஒழுங்கா வருவாங்களா என்று விசாரிச்சுத்தானே சேர்க்கிறோம்? ஆப்புக்கும் அதே விசாரணைதாங்க.

1. எனக்கு எந்த வேலைக்கு இது? வேலை இல்லாத ஆப் வேண்டாம். டார்ச் லைட்டும் கால்குலேட்டரும் போனிலேயே இருக்கு. அதுக்குத் தனியா ஆப் ஏத்த வேண்டியதே இல்லை.

2. யார் செய்தது? ஆப் பெயருக்குக் கீழே செய்தவங்க பெயர் இருக்கும். அரசு ஆப் என்றால் அந்தத் துறையின் பெயர் இருக்கணும். ஒரே மாதிரிப் பெயரும் படமும் வைத்த போலிகள் உண்டு.

3. எங்கிருந்து ஏத்துகிறோம்? பிளே ஸ்டோரில் இருந்து மட்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, பி.எம். கிசான் பணம் என்றோ ஒரு பைல் வரும். தொட்டால் "இன்ஸ்டால் செய்யவா?" என்று கேட்கும். பத்திரிகையைப் பார்க்க எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. உடனே அழிச்சுடுங்க.

4. என்ன கேட்கிறது? கேட்கிறதுக்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும். வீடியோ பேசுகிற ஆப் கேமரா கேட்டால் நியாயம். கடன் கொடுக்கிற ஆப்புக்கு உங்க சம்பந்தி நம்பர் எதுக்கு?

என்னென்ன ஏத்தலாம்?

உழவன்: தமிழ்நாடு அரசு 2018ல் வெளியிட்ட ஆப். தமிழிலேயே இருக்கு. சந்தை விலை, வானிலை, மானியத் திட்டங்கள், உர இருப்பு, வாடகை இயந்திரம் எல்லாம் பார்க்கலாம். தோட்டம் இருக்கிறவங்க, குத்தகைக்கு ஓட்டுகிறவங்க கட்டாயம் வைத்துக்கணும். வியாபாரி வாசலுக்கு வந்து ஒரு விலை சொல்லும்போது, நம்ம கையிலும் ஒரு விலை இருக்குமில்லைங்களா?

பீம்: பணம் அனுப்பவும் வாங்கவும் 2016 டிசம்பரில் வந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தினுடையது. நீங்க வேறு ஆப் பழகியிருந்தால் அதுவே போதும், நாலு வேண்டாம். ஒன்றை மட்டும் மனசில் எழுதி வைத்துக்கோங்க. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் போடணும். பணம் வாங்க ரகசிய எண்ணும் வேண்டாம், எதையும் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். "உங்களுக்குப் பணம் போட்டிருக்கேன், பின் நம்பர் அமுத்துங்க" என்று ஒருத்தன் சொன்னால் அவன் திருடன்.

டிஜிலாக்கர்: மத்திய அரசு 2015ல் தொடங்கியது. ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளோட மார்க் ஷீட் எல்லாம் போனிலேயே எடுத்து வைக்கலாம்.

காவல் உதவி: தமிழ்நாடு காவல்துறை 2022ல் வெளியிட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற மகள் போனிலும் ஏத்துங்க. ஆப் இல்லாவிட்டாலும் அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

சஞ்சார் சாத்தி: தொலைத்தொடர்புத் துறையின் இந்த ஆப் 2025 ஜனவரியில் வந்தது. போன் தொலைந்தால் வேறு யாரும் பயன்படுத்தாதபடி முடக்கலாம். உங்க பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். *#06# அமுத்தினால் 15 இலக்க எண் வரும். அதைக் குழு நோட்டில் எழுதி வைங்க. போன் போனதுக்கு அப்புறம் தேட முடியாது.

இந்த அஞ்சும் எல்லாருக்கும் வேணும் என்று இல்லை. உங்க வேலைக்கு எது தேவையோ அது போதும்.

கடன் ஆப் பற்றி

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. கடன் ஆப் உங்க போனில் இருக்கிற நம்பர்களையோ போட்டோவையோ எடுக்கக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்னாடியே எழுத்தில் தரணும். முறையான வங்கி, நிதி நிறுவனங்களோட கடன் ஆப் எது எது என்ற பட்டியலை 2025 ஜூலையில் இருந்து ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கு. பட்டியலில் பெயர் இருந்தாலும், கடன் கடன்தான். முதலில் குழுவில் கேளுங்க.

"பேங்கில் இருந்து பேசறோம், இந்த ஆப்பை ஏத்துங்க" என்று யார் சொன்னாலும் ஏத்தாதீங்க. உங்க போன் திரையை அவங்க அங்கிருந்தே பார்க்கிற ஆப்பாக இருக்கும். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே 1930க்குப் போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. மிரட்டல் மெசேஜ் வந்தால் அழிக்காதீங்க. அதுதான் சாட்சி.

இனி நாம் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்க. எல்லாரும் போனை எடுத்து, செட்டிங்ஸில் எந்த ஆப்புக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கு என்று பாருங்க. தேவையில்லாததை நிறுத்துங்க. தெரியாத ஆப்பை எடுத்துடுங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறவங்க படிச்சுக் காட்டுங்க.

இன்னொரு வேண்டுகோள், இதுதான் முக்கியம். அந்த அக்கா என்கிட்டே சொன்னது இது: "ஆப்பு என்னை ஒரு கேள்வியும் கேட்கலைங்க. குழுவுல கேட்டா பழைய பாக்கியைப் பேசுவாங்கன்னு பயமா இருந்துச்சு." அப்ப தப்பு போனில் மட்டும் இல்லைங்களே. பாக்கி இருக்கிற உறுப்பினருக்கும் பீஸ், ஆஸ்பத்திரி என்று அவசரம் வரும். அந்தக் குழுவில் இப்போ அதுக்கென்று அவசர உள்கடன் ஒன்று தீர்மானம் போட்டிருக்காங்க. கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டால் அன்னைக்கே பணம் கிடைக்கும். உங்க குழுவிலும் பேசிப் பாருங்க.

போனில் கடன் தேடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டு உறுப்பினர் கதவைத் தட்டலாம் என்ற தைரியம் நம்ம ஒவ்வொருத்தருக்கும் இருக்கணும். அதுக்குத்தானே குழு ஆரம்பிச்சோம்?