எழுத்துக்கு ஒரு முகம்



பத்தாண்டு நிறைவு விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'எழுத்தும் மெய்ப்பாடும்'. அதனை என் பிழை ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

நம் கூட்டங்களுக்குத் தவறாது வரும் நண்பர் ஒருவரின் துணைவியார் சென்ற ஆண்டு காலமானார். செய்தி வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். கைப்பேசியில் 'ஆழ்ந்த இரங்கல்' என எழுதி, கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். மாலையில் அதனைப் பார்த்த என் பேத்தி திடுக்கிட்டாள். "தாத்தா, இது அழுகிற மூஞ்சி இல்ல. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சி" என்றாள். கண்ணாடியை அணிந்து பார்த்தேன். கண்ணில் நீர் இருந்தது; வாயோ சிரித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மட்டுமே பார்த்திருக்கிறேன்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாயைப் பாராமல் கண்ணை மட்டும் ஏன் பார்த்தேன்? இக்கேள்வி என்னைப் பல நாடுகளுக்கு அழைத்துச் சென்றது.

நேரில் பேசுவோர்க்கு முகமும் குரலும் துணை நிற்கின்றன. எழுத்துக்கு அத்துணை இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் தம் கணினி அறிவிப்புப் பலகையில் வேடிக்கையாக எழுதியவற்றைச் சிலர் மெய்யெனக் கொண்டு குழம்பினர். அதனால் 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார். வேடிக்கைக்கு :-) என்றும், வேடிக்கை அல்லாததற்கு :-( என்றும் குறியிடலாம் என்பதே அது. தலையைச் சாய்த்துப் பாருங்கள். இரண்டிலும் கண்கள் அதே இரண்டு புள்ளிகள். மாறுவது வாய் மட்டுமே.

ஜப்பானியக் கணினி வலையில் 1986-இல் தோன்றிய குறியோ (^_^) என நிமிர்ந்து நிற்கிறது. இங்கே வாய் வெறும் கோடு, சிரிப்பவை கண்கள். அழுகைக்கு (;_;) என எழுதுவர். அங்கும் வாய் அதே கோடுதான். கண்களிலிருந்து நீர் வடிகிறது. மசாகி யூகி முதலிய ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணும் வாயும் வெவ்வேறு உணர்ச்சி காட்டும் முகங்களை இரு நாட்டு மாணவர்க்கும் காட்டினர். ஜப்பானியர் கண்ணுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் மிகுந்த மதிப்பளித்தனர். உணர்ச்சியை அடக்கிப் பழகும் சமுதாயத்தில் வாயை அடக்கிவிடலாம். கண்ணை அடக்குதல் அரிது. ஆகவே அங்கே கண்ணைத் தேடுகின்றனர் என்பது அவர்கள் கூறும் விளக்கம். இதனை இறுகிய விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. முறைக்கும் பார்வையைக் காட்ட, கன்னட டகர வருக்கத்தின் இரண்டாம் எழுத்தை இருமுறை இட்டு நடுவே கோடிழுக்கும் வழக்கம் மேலைநாட்டிலும் பரவிற்று. எழுத்தை அறியாதவர்களும் அதில் விழிகளைக் கண்டார்கள்.

நாம் எந்தப் பக்கம்? தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென்றார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களும் கூறினார். அவ்வியலை முடிக்கையில், கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லார்க்கன்றிப் பிறர்க்கு இது விளங்காது என்கிறார். வள்ளுவரோ 'குறிப்பறிதல்' என ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார். 71-ஆம் அதிகாரம் அவையில் நிற்போர்க்கு. 110-ஆம் அதிகாரம் காதலர்க்கு. இரண்டிலும் கண்ணே தலைமை பெறுகிறது. கண்ணும் கண்ணும் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லால் பயனில்லை என்றே காதலர் அதிகாரத்தை முடிக்கிறார். தலைவியின் மெல்லிய நகைக்கும் அங்கே இடமுண்டு. ஆயினும் நோக்கே முந்துகிறது. என் பிழைக்குப் பழந்தமிழ் மரபு துணையிருப்பதாகச் சொல்லித் தப்ப நான் முயலவில்லை!

நான் அனுப்பிய முகம் ஜப்பானில் வளர்ந்த படவெழுத்து வகையைச் சேர்ந்தது. 'எமோஜி' என்பதற்கே படவெழுத்து என்பதுதான் பொருள். 1999-இல் ஷிகெடகா குரிட்டா தம் நாட்டுக் கைப்பேசிகளுக்காக 176 படங்களை அமைத்தார். 2010-இல் அத்தகைய படங்கள் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் ஏறின. 2015-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் தேர்ந்தது, என்னைத் தலைகுனிய வைத்த இதே முகத்தைத்தான்.

உவகையும் கண்ணீரும் ஒரே முகத்தில் கூடுவது நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 277-ஆம் பாட்டில் பூங்கணுத்திரையார் ஒரு முதிய தாயைக் காட்டுகிறார். மகன் களத்தில் யானையை வீழ்த்தி மாண்டான் என்ற செய்தி கேட்டு, அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள்; கண்ணீரும் பெருகுகிறது. அக்கண்ணீரை எவரும் பிழையாகப் படிப்பதில்லை. சொல் அதற்கு முகம் தந்திருக்கிறது.

நம் முன்னோர் ஓர் இடைச்சொல்லிலேயே முகத்தை வைத்தனர். 'மன்' என்பது கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று குறிப்புத் தரும் என்கிறார் தொல்காப்பியர். கழிந்ததற்கு இரங்கும் குறிப்பை அறிய 235-ஆம் புறப்பாட்டைப் பார்க்கலாம். அதியமான் மறைந்தபின் ஔவையார், சிறிதே கள் கிடைத்தால் அவன் தமக்குத் தந்த அன்பைச் சொல்லி 'மன்னே' என்கிறார். ஒவ்வொரு நினைவின் முடிவிலும் அச்சொல் வந்து விம்முகிறது. அழுதேன் என அவர் கூற வேண்டியதே இல்லை.

முகம் காணாமல் செய்தி சொல்வதை இக்கரையினர் நன்கறிவர். 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அந்நாளில் கடலடியில் இருப்பவர் கயிற்றை அசைத்தால், தோணியில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுப்பார். கயிற்றுக்குக் கண்ணுமில்லை, வாயுமில்லை. அசைவின் பொருளை இருவரும் முன்னரே அறிந்திருந்தமையால் உயிர் மீண்டது. குறி எதுவாயினும் அதன் ஆற்றல் இருவரிடையே உள்ள அறிமுகத்தில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் நண்பர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது: "அந்தப் படத்த நான் கவனிக்கவே இல்ல அண்ணாச்சி. அந்த ரெண்டு வார்த்தையத்தான் பாத்தேன். எல்லாரும் எழுதுன அதே ரெண்டு வார்த்த. அவ கையால எத்தன வாட்டி காப்பி குடிச்சிருப்பீங்க! அதச் சொல்லியிருக்கலாமே."

அன்பர்களே, தவறான முகத்தை அனுப்பியது என் சிறு பிழை. முகமே இல்லாத சொல்லை அனுப்பியது என் பெரும் பிழை. 'ஆழ்ந்த இரங்கல்' என்பதும், விரல் தொட்டால் வந்து விழும் ஒரு படமாகவே ஆகிவிட்டது. பிட்ஸ்பர்க்கில் வாயைக் கொண்டும் ஜப்பானில் கண்ணைக் கொண்டும் எழுத்தின் குறையை நிரப்ப முயன்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கவிஞர்கள் கூடிய இவ்வட்டத்தில் நாம் அதனைச் சொல்லாலும் நிரப்பக் கடமைப்பட்டவர்கள். நம்முள் ஒருவர் துயருறும்போது, அவருக்கென்று மட்டுமே எழுதிய ஒரு வரியையாவது அனுப்புவோம்.

ஔவை கள்ளைச் சொன்னார். நான் காப்பியைச் சொல்லியிருக்க வேண்டும்.