நலிந்தவர் யார்?

(நலம்விரும்பிகள் கூடுகையில் எங்கள் மருத்துவமனையின் சார்பில் அளிக்கப்பட்ட உரை)



 இன்று கட்டடத்தைப் பற்றியோ கருவிகளைப் பற்றியோ நாங்கள் பேசப்போவதில்லை. காயத்துக்குக் கட்டுப்போட்டு நாம் அனுப்பிவைக்கும் முதியவர் எப்படிப்பட்ட வீட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நம் பகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் உழைத்தவர்கள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார்கள். இன்று அந்த மனையின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "பிற்பாடு அலைச்சல் வேண்டாம், இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய், தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பல குடும்பங்களில் இதனால் ஒரு கெடுதியும் வருவதில்லை. ஆனால் சில வீடுகளில், பத்திரம் கைமாறியபின் பெரியவரின் கட்டில் வராந்தாவுக்கு வந்துவிடுகிறது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் அவருக்குப் பயம். கையில் ஏன் இந்தக் காயம் என்று நர்ஸ் கேட்டால், "விழுந்துட்டேம்மா" என்கிறார். பக்கத்தில் நிற்கும் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறார்.

சற்று யோசியுங்கள். பத்திரம் எழுதுவதற்கு முந்தின நாளும் அவருக்கு அதே வயதுதான், அதே முழங்கால் வலிதான். ஆனால் அன்று அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். இன்று ஒரு வேளைச் சோற்றுக்கும் பிறர் முகத்தைப் பார்க்கிறார். அப்படியானால் நலிவு என்பது வயதிலும் உடம்பிலும் மட்டும் இருப்பதல்ல. ஒருவர் யாரை அண்டி நிற்கிறார் என்பதிலும், அவருடைய சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பு உண்டா என்பதிலும் அது இருக்கிறது.

சட்டங்களும் இதை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட வழிகாட்டியில் "நலிந்த வயதுவந்தோர்" என்ற பெயர் இருந்தது. குறை அந்த மனிதரிடமே இருப்பதுபோல் அது தொனிக்கிறது என்று பலர் எடுத்துக் காட்டினார்கள். 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயரை விட்டுவிட்டு, அவர் எந்த ஆபத்தில் இருக்கிறார் என்று பார்க்கிறது.

பெயர் எதுவானால் என்ன என்று நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார்தான். கட்டிவைப்பதே பாதுகாப்பு என்று அங்கே எண்ணப்பட்டது. "இவர் நலிந்தவர், இவருக்காக நாம்தான் முடிவெடுக்க வேண்டும்" என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்தது. விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய எவருக்கும், மனநோய் இருந்தாலும், தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் உரிமை உண்டு என்றும் சொன்னது.

முதியோருக்கு இருப்பது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அறுபது வயது நிறைந்து, தன் வருமானத்தாலும் சொத்தாலும் வாழ வழியில்லாதவர் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பெற்றோருக்கு அந்த வயது வரம்பும் இல்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அவரால் நேரில் போக முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஓர் அமைப்போ அவருக்காக மனுச் செய்யலாம்.

இன்னொரு பிரிவும் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், எழுதிக் கொடுத்தவர் விரும்பினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கப்படும். "விரும்பினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டமும் அவரைக் கேட்டுத்தான் கை நீட்டுகிறது.

பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்குக்கு இடம் வைக்காமல், எழுதும்போதே அந்த வரியைச் சேர்த்துவிடுவது நல்லது. கடைசி வரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள்.

பர்திமேயுவுக்குப் பார்வையில்லை என்பது எரிகோ வழியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஆண்டவர், என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் கேட்ட பிறகே சுகமாக்கினார். எங்கள் நர்சுகளும் இப்போது அந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். முதியவரோடு சில நிமிடமாவது தனியாகப் பேசுகிறார்கள். "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். சிலர் மனு வேண்டாம், மகனோடு பேசினால் போதும் என்பார்கள். அதுவும் அவர்களுடைய முடிவே.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். உங்கள் சபையில் வழக்கமாக வந்து, திடீரென்று வராமல் போன பெரியவரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவரிடமே பேசுங்கள். உதவி வேண்டும் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைத்துக் கொடுங்கள். மனு எழுதத் துணை நில்லுங்கள். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூரோ 2018 முதல் சென்னை மாவட்டம். ஆகவே எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் படிக்கட்டில் அவருக்கு ஒரு கை பிடிமானம் வேண்டும். பேச வேண்டியதை அவரே பேசிக்கொள்வார்.