கேள்வி மாறினால் கணக்கு மாறும்

சமூக ஆய்வுக்கு என்ன தடை என்று கேட்டால், பணம் போதவில்லை என்பார்கள். மக்கள் உண்மை சொல்வதில்லை என்பார்கள். இரண்டாவது பழியை நான் ஏற்கவில்லை. தினக்கூலிக் குடும்பத்துப் பெண்ணிடம், "போன மாசம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேளுங்கள். ரேஷன் அரிசியின் அளவைக் கேட்டால் உடனே சொல்வார். பெட்டிக்கடையில் அன்றாடம் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிய எண்ணெயை எப்படிக் கூட்டிச் சொல்வார்? ஒரு வாரக் கணக்கைக் கேட்டால் நினைவு கூடுதலாகக் கைகொடுக்கும், தொகையும் உயரும். 1990களில், குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் அரசின் தேசிய மாதிரி ஆய்வு இதைச் சோதித்தது. சில குடும்பங்களிடம் எல்லாவற்றுக்கும் 30 நாள் கணக்கு. வேறு சிலரிடம் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு ஓராண்டுக் கணக்கு. செலவுத் தொகையை வைத்தே வறுமையை அளப்பதால், இரண்டாவது முறையில் ஏழைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நாடு அதேதான், மக்களும் அவர்களேதான்!

அதே ஆய்வின் 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் கேள்விகள் இரண்டையும் ஒரே குடும்பத்திடம், பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். ஒரு பதில் மறு பதிலை இழுத்தது. 1993-94இல் 37 விழுக்காடாக இருந்த கிராமப்புற வறுமை 27ஆக இறங்கியதாக அரசு அறிவித்தது. பெரும் சர்ச்சை மூண்டது. அப்படியானால் இது அறிவியலே இல்லையே என்று சிலர் கேட்கலாம். பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், கேள்வி மாறாத பொருள்களின் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்கிட்டு, கிராமப்புற வறுமை சுமார் 30 விழுக்காடு என்று காட்டினார். பிழையின் அளவையே கண்டறிய முடிந்ததென்றால் அதுவன்றோ அறிவியல்! கேள்வித்தாளும் குடும்பவாரித் தரவும் ஆய்வாளர் கைக்குக் கிடைத்ததால்தான் அது நடந்தது. ரேஷன் பதிவேடும் வரிக்கணக்கும் போதாதா என்றால், போதாது; பெட்டிக்கடைப் பாக்கெட் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அதனால்தான் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடாமல் நிறுத்தியது என்னைப் பெரிதும் வருத்துகிறது. தரம் குறைவென்றால் எங்கே குறைவென்று பிறரும் சோதிக்க விட்டிருக்க வேண்டும். 2022-23 ஆய்வில் முறை மீண்டும் மாறியது: கேள்விகளைப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்றார்கள். நல்ல மாற்றம்தான், மூலத் தரவும் வெளிவந்துள்ளது. ஆனால் அந்த ஆய்வின் எண்ணை 2011-12 ஆய்வின் எண்ணோடு வைத்து வறுமை இவ்வளவு ஒழிந்தது என்று பேசுவோர், கேள்விமுறை மாறியதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.