இளைய நிலாவும் 0.5 வேகமும்

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது, கிட்டார் பத்திப் பேசப் போறேன்.

வர்ற தை மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஆர்கெஸ்ட்ரா எல்லாம் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். "நான் இளைய நிலா பாடுறேன், நீ கிட்டார் வாசி, அது போதும்"னார். என்கிட்ட இருந்தது காலேஜ் ஹாஸ்டல்ல வாங்கின ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், நாலஞ்சு கார்டு, நாலு மாசம் டைம், அப்புறம் யூடியூப்.

எத்தனையோ பாட்டு இருக்க, அப்பா இதைக் கேட்டதுதான் சிக்கல். 1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல். இதுல கிட்டார் பின்னணியில சும்மா தாளம் போடுற வாத்தியம் இல்லை. சந்திரசேகர் வாசிச்ச அந்த ஆரம்ப இசையைக் கேட்டதுமே தமிழ்நாட்டுல யாருக்கும் என்ன பாட்டுன்னு தெரிஞ்சிடும். அதை ஒழுங்கா வாசிக்கலன்னா மண்டபத்துல இருக்கிற நம்ம சித்தப்பா, மாமா எல்லாருக்குமே தெரியும்.

தேடிப் பார்த்தா வீடியோ பாடங்கள் ரெண்டு வகை. முதல் வகையில எல்லாம் ஈஸி: நாலு கார்டு, மேலயும் கீழயும் ஒரு ஸ்ட்ரம்மிங், பத்து நிமிஷத்துல முடிஞ்சது. அதை வாசிச்சா கேம்ப் ஃபயர்ல கூடச் சேர்ந்து பாடலாம், ஆனா அது இளைய நிலா மாதிரி இருக்காது. இரண்டாவது வகை, விரலால ஒவ்வொரு தந்தியா மீட்டுற ஃபிங்கர்பிக்கிங். கட்டை விரலுக்கு மேல இருக்கிற மூணு தடிமனான தந்திகள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்குக் கீழே இருக்கிற மூணுல ஆளுக்கு ஒண்ணு. சொல்றப்போ எளிமையா இருக்கு. கட்டை விரலும் மத்த விரல்களும் தனித்தனி த்ரெட் மாதிரி ஓடணும், ஆனா ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படணும். எனக்கு அது வரவே மூணு வாரம் ஆச்சு.

இதுல வேகத்தைக் குறைக்கிற வசதி பெரிய வரம். அந்தக் காலத்துல டேப்பைப் பாதி வேகத்துல ஓட்டினா சுருதி சரியா ஒரு ஸ்தாயி கீழே இறங்கிடும், எஸ்.பி.பி. பூதம் மாதிரி பாடுவார். இப்போ 0.5 வேகம் வெச்சாலும் சுருதி மாறாது. சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறுற மாதிரி அடுக்கி நீட்டுறாங்க. 0.25-க்குப் போனா அந்த வெட்டு காதுல தெரியும், ஒவ்வொரு மீட்டலும் குழம்பின மாதிரி கேட்கும். அதனால நான் 0.5-க்குக் கீழே போறதில்லை. கம்ப்யூட்டர்ல வீடியோவை பாஸ் பண்ணிட்டு கமாவும் புள்ளியும் அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். எந்த விரல் எந்த ஃப்ரெட்ல இருக்குன்னு பார்க்க அது போதும்.

ஆனா விரலைப் பார்த்துக் கத்துக்கிட்டா விரல்தான் கத்துக்கும், காது கத்துக்காது. இது என் அபிப்பிராயம், மறுக்கலாம். எங்கேயோ கிடைச்ச கோடை காப்பி பேஸ்ட் பண்ணி ஓட வைக்கிற மாதிரிதான். ஓடும். ரெக்வயர்மென்ட் மாறுற வரைக்கும் ஓடும்.

எங்க வீட்டுல ரெக்வயர்மென்ட் மாறினது ஒரு ஞாயித்துக்கிழமை. நான் கத்துக்கிட்ட பாடம் ஏ மைனர்ல. அப்பா கூடப் பாட உட்கார்ந்தார். மேல போற இடத்துல குரல் எட்டல. ரெண்டாவது தடவை தண்ணி குடிச்சிட்டுப் பாடினார், அப்பவும் எட்டல. "வயசாயிடுச்சுடா, நீ மட்டும் வாசி, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்"னார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். அம்மா எதுவும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டாங்க.

எந்த வீடியோவுலயும் எங்கப்பா சுருதிக்குப் பாடம் இல்லை. அவரைத் தனியாப் பாடச் சொல்லி, ட்யூனர் ஆப்ல பிடிச்சுப் பார்த்தேன். ரெண்டு அரைச்சுரம் கீழே, அதாவது ஜி மைனர். கேப்போன்னு ஒரு கிளிப் இருக்கு, தந்திகளை ஒரு ஃப்ரெட்ல மொத்தமா அழுத்திப் பிடிக்கும். அது சுருதியை மேலதான் ஏத்தும், கீழே இறக்காது. அதனால ஏ மைனரை விட்டுட்டு ஈ மைனர் பிடிகளுக்குப் போய், மூணாவது ஃப்ரெட்ல கேப்போ. ஈ-யிலிருந்து மூணு அரைச்சுரம் ஏறினா ஜி. கணக்கு ரெண்டு நிமிஷம். கை அதுக்கு ஒரு மாசம் எடுத்துக்கிச்சு, ஏன்னா வீடியோ பார்த்துப் பழகின ஒவ்வொரு விரலும் இப்போ வேற தந்தியில. இந்தத் தடவை பார்க்க வீடியோ இல்லை. ஒரு வரி கேட்கிறது, வாயில முணுமுணுக்கிறது, தந்தியில தேடுறது, அவ்வளவுதான். கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்ட அந்தத் தலைமுறை ஆட்கள் மேல எனக்கு மரியாதை வந்ததே அப்போதான்.

போன வாரம் அப்பா முதல் சரணம் வரைக்கும் பாடிட்டார், எங்கேயும் திணறல. ரெண்டாவது வரியில அவர் கொஞ்சம் இழுப்பார், மெட்ரோனோமுக்கு அது பிடிக்காது, நான் மெட்ரோனோமை அணைச்சிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம். இடையிசை எனக்கு இன்னும் முழு வேகத்துல வரல, 0.75-ல தான் வருது. அப்பாகிட்ட சொன்னேன். "அந்த இடத்தை நான் ஹம் பண்ணிடறேன், நீ கார்டு மட்டும் பிடிச்சுக்கோ"னு சொல்லியிருக்கார். ஆனா நான் இன்னும் அதை விடல. ராத்திரி ஆபீஸ் கால் முடிஞ்சதும் தினம் அரை மணி நேரம். அடுத்த எபிசோட் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரும்.